காலியா, கொச்சியா

ஜூன் பிறந்துவிட்டது. படகெல்லாம் கரையில்.
தடைக்காலத்தில் அரசு மீனைக் காப்பாற்றுகிறது,
எனக்குக் கிளீட்டஸ் கிடைக்கிறார்:
அறுபத்தொரு நாள்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் பார்க்கிற ஓர் ஆள்.

சீட்டு விழுந்திருக்கிறது. ஐம்பத்து நாலாயிரம்.
பதினாறு வருஷத்தில் வேளாங்கண்ணி தவிர
எங்கேயும் போனதில்லை, அதுவும் நேர்ச்சைக்கு.
இந்தத் தடவை
நேர்ச்சை இல்லாத ஊர் வேண்டும் என்றேன்.
கோட்டையும் பழைய தெருவும்
இடிக்காமல் வைத்திருக்கிற ஊர்.
இரண்டு பெயர் மிஞ்சியது.
நான் கொச்சி என்றேன், கோட்டைக் கொச்சி.
அவர் காலி என்றார்.

"காலியா? அதுக்கு எதுக்கு சிலோன் வரைக்கும் போவணும்,
எனக்க பர்ஸத் தொறந்தா போதாதா" என்றாள் அனிட்டா.
அவர் சிரிக்கவில்லை.
தெற்கே இறங்கும்போதெல்லாம்
எல்லைக்கு வெளியே நின்று
பதினோரு வருஷமாய்ப் பார்த்திருக்கிறாராம்.
"வெளிச்சம் மட்டுந்தான் பிள்ளே கண்டது.
அதுக்க அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்."

கொச்சி அவருக்கு அப்படியில்லை.
கொச்சி என்றால் தோப்பும்படி,
ஐஸ், டீசல், ஏலக்காரனின் விரல்,
இரண்டு நாள் கரை, மறுபடி கடல்.
கோட்டைக் கொச்சி அங்கிருந்து
பஸ்ஸில் கண் மூடித் திறக்கிற தூரம்.
போனதில்லை.
"அங்க ஒரு சாயா அறுவது ரூவாயாக்கும்."

மகள் மொபைலில் படங்களைக் கலைத்துப் போட்டாள்.
ஓட்டுக் கூரை, மஞ்சள் சுவர், ஆள் உயர ஜன்னல்.
எது காலி, எது கொச்சி?
எனக்குப் பிடிபடவில்லை.
இரண்டிலும் டச்சுக்காரன் கை பட்டிருக்கிறது.
அந்த டச்சுக்காரன் மண்ணைக் கவ்வியது
எங்கள் குளச்சலில்தான்.
தோற்றவன் இருந்த ஊரில்
தெருத்தெருவாய் மிச்சமிருக்கிறது.
ஜெயித்த ஊரில் ஒரு தூண்.
நேற்று அதன் வேலியில் யாரோ
மழைக்கோட்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

கணக்குப் போட்டோம்.
காலிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம், கொழும்பில் ரயில்.
மழை இரண்டு ஊரிலும் உண்டு.
என் பாஸ்போர்ட் குவைத்துக்காக எடுத்தது,
ஒரு முத்திரைகூட விழவில்லை.
அவருடையதில் ஈரான் இருக்கிறது, பஹ்ரைன் இருக்கிறது,
தேதிதான் போன நவம்பரோடு முடிந்துவிட்டது.
"தட்கால்ல புதுக்கலாம்லா."
"கொச்சிக்கு ஆதார் போதும்."

அப்போதுதான் சொன்னார்,
மரச்சீனி வெந்த வெள்ளத்தை வடித்துக்கொண்டு,
முகத்தை ஆவிக்குள் வைத்துக்கொண்டு:
"அங்க எனக்க கடன் கெடக்கு.
ஐஸ்காரனுக்கு ஒம்பதாயிரம்.
ஒன்னையும் பிள்ளையையும் கூட்டிட்டு நடக்கும்ப
எதுக்க வந்து நிப்பான்."

நான் கேட்டது கோட்டையை இல்லையென்று
எனக்கே அந்த ஆவியில்தான் தெரிந்தது.
எந்தக் கயிற்றில் சட்டை காயப்போடுவீர்கள்,
எந்தக் கடை வாசலில் நின்று போன் செய்வீர்கள்,
பின்னால் ஒருத்தி மலையாளத்தில்
யாரையோ வைதுகொண்டே இருப்பாளே,
பத்து வருஷமாய், அவள் யார்.
இதில் எதையும் கேட்கவில்லை.
"ஒம்பதாயிரத்தையும் கொண்டே போவம்" என்றேன்.
அவர் மரச்சீனிக்கு உப்புப் போட்டார்.
மறந்து இன்னொரு தடவையும் போட்டார்.
அனிட்டா ஒன்றும் சொல்லாமல்
மீன்குழம்பை நிறைய ஊற்றிச் சாப்பிட்டாள்.

ராத்திரி அவருடைய மொபைலைச் சார்ஜில் போட எடுத்தால்
படம் திறந்தே கிடந்தது.
கலங்கரை விளக்கைப் பெரிதாக்கி,
இன்னும் பெரிதாக்கி,
வெளிச்சத்தை விட்டுக் கீழே இறங்கி
மதிலோரத் தென்னை நிழல் வரைக்கும் போயிருக்கிறார்.
அங்கே ஒரு பெஞ்சு.
பெஞ்சு காலி.

ரயில் டிக்கெட் போடலாமென்றுதான் எழுந்து வந்தேன்.
போடவில்லை.
திரை தானாக அணையும்வரை
அங்கேயே நின்றேன்.