பத்து சிலா

சுமேர் நாடு, உம்மா நகரம்,
நெசவுக்கூடத்தின் பின்முற்றம்.

எனக்கு எழுதத் தெரியாது.
எழுத்தைக் கரைக்கத் தெரியும்.

ஆறு மாதம் ஆறிப்போன கணக்குகளைக்
கூடையில் கொண்டுவந்து வைப்பான் லூஷாரா.
தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பேன்.
ஆட்டுக்கணக்கு, கருவாட்டுக்கணக்கு,
நாணல் கட்டு, எள்ளெண்ணெய்,
படகிழுத்தவனுக்கு ஊற்றிய பீர்,
எல்லாம் முதலில் குமிழி விடும்,
மூச்சுமுட்டுகிறவர்களைப் போல.
அப்புறம் ஓரம் மழுங்கும்.
அப்புறம் சேறு.
மிதித்து, கல் பொறுக்கி,
உள்ளங்கை அளவுக்குத் தட்டிக் கொடுத்தால்
அதன்மேல் புதுக்கடன்.

வெளியூர்ப் படகுக்காரர்கள்
கோவில் மேடையை அண்ணாந்து பார்த்து
வாய் பிளப்பார்கள்.
செங்கல் ஒவ்வொன்றிலும் அரசன் பெயர் இருக்கிறதாம்.
இருக்கட்டும்.
கணுக்கால்வரை நான் நிற்பதும்
அதே மண்தான்.

ஒரே ஒரு குறி எனக்கு அடையாளம் தெரியும்.
படியளக்கிற நாளில்
என் பெயருக்கு முப்பது சிலா வாற்கோதுமை,
என் மகள் நினெஸெனுக்குப் பத்து.
அந்த மாதம் லூஷாரா தலை நிமிராமல் கேட்டான்:
"சின்னது எங்கே?"
சொன்னேன்.
நாணலைச் சாய்த்து அவள் வரியில் ஒரு குத்து.
தடுக்கத்தான் கை நீட்டினேனோ, என்னவோ,
ஈரக்களிமண்ணில் என் சுண்டுவிரல் நகம் பதிந்துவிட்டது,
பிறை மாதிரி.
முறைத்தான். அழிக்கவில்லை.
அளப்பவன் முப்பதோடு படியைக் கவிழ்த்தான்.

நேற்று, கூடையின் அடியில்,
அந்தப் பிறை.

நாற்பத்தொரு பலகைகள் எண்ணித் தந்திருந்தான்.
இந்த ஊரில் சாகப்போகிற கணக்குக்கும் கணக்கு உண்டு.
ஒன்றை இடுப்புத்துணியில் செருகினேன்,
குழந்தையைச் செருகுகிற பக்கத்தில்.
தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தட்டி
நகத்தால் வரிவரியாகக் கீறினேன்.
கோழி நடந்த மாதிரி இருந்தது.
எழுதுவது இவ்வளவுதானா என்று
கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.
வெயிலில் வைத்தேன். மேல்தோல் காய்ந்தது.

மாலையில் லூஷாரா சரிபார்க்க வந்தான்.
முந்தின நாள் ஏதோ விருந்து; கண் சிவந்து கிடந்தது.
என்னுடையதைத்தான் கையில் எடுத்தான்.
திருப்பினான். தூக்கிப் பிடித்தான்.
"யார் கை இது? மாட்டைக் கட்டி எழுதச் சொன்னார்களா?"
வீசினான் தொட்டிக்குள்.
ஒரு குமிழிகூட வரவில்லை, உள்ளே ஈரம் போகவேயில்லை அதற்கு.

இரவு ரொட்டி அடுப்பில்,
தணலுக்குள் தள்ளிப் புதைத்தேன்.
"என்ன தீய்கிறது?" என்றாள் அடுத்த பாயிலிருந்து அமகல்லா.
"வெங்காயம்" என்றேன்.
"வெங்காயம் ஏது உனக்கு?"
பதில் சொல்லாமல் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது சிவந்திருந்தது.
தட்டினால் சத்தம் வருகிறது, வெண்கலம் மாதிரி.
சொட்டு நீர் விட்டுப் பார்த்தேன்.
உறிஞ்சியது. கரையவில்லை.

இந்த வருஷம் ஆறு இன்னும் ஒதுங்கிவிட்டது.
வாய்க்காலில் பாதி மணல்.
தொட்டி நிரப்ப நாலு நடை அதிகம்.
வடக்கே போன தானியப் படகுகள் திரும்பவில்லை,
படி சிறுத்துக்கொண்டே வருகிறது,
மதிலை உயர்த்துகிறார்கள்.
மதிலுக்கும் என் தொட்டிச் சேறு கேட்டார்கள்.

அதைக் கோதுமை ஜாடியின் மூடிமேல் வைத்திருக்கிறேன்.
நல்ல கனம். எலி தள்ள முடியாது.
அடிக்கடி விரலால் தடவுகிறேன்: பிறை, அதன் பக்கத்தில் குத்து.
கீழே இன்னும் நிறைய வரிகள் இருக்கின்றன.
யார் யாரோ. எந்தப் பட்டறையோ.
சிலர் பக்கத்திலும் அதே குத்து.
கேட்கவும் வழியில்லை, சொல்லவும் வழியில்லை.
அவர்களையும் சேர்த்துச் சுட்டுவிட்டேன்.