சத்தியக் கடதாசி

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பேக்கரியின் மாடியில் நாங்கள் ஒன்பது பேர்.
மேசை நடுவில் மாலுபாண் தட்டு.
யாரும் எடுக்கவில்லை.
யார் முதலில் எடுப்பது என்பதை
பதினோரு வருஷம் ஒருவர் சொல்லியே பழக்கம்.

சட்டத்தரணி வரவில்லை. அவருடைய கிளாக் வந்தார்.
சொட்டும் குடையை வாளிக்குள் நிறுத்திவிட்டு,
"ஆளுக்கொரு சத்தியக் கடதாசி வேணும்,
சொந்தப் பேர்ல" என்றார்.

சொந்தப் பேர்.
எங்களுக்குள் நாங்கள் அறிந்ததெல்லாம்
ஏழாம் வாசலில் சூட்டிய பேர்கள்தான்.
சீட்டு இறக்குவதுபோல
அடையாள அட்டைகளை மேசையில் போட்டோம்.
நித்தியஒளி, பிச்சமுத்து ரெங்கதேவன் ஆனான்.
பக்கத்துப் பாயில் பத்து வருஷம் படுத்த சாந்தஒளி,
ஆரோக்கியம் யோகமலராம்.
எழுந்து வணக்கம் சொல்லலாமா என்றிருந்தது.
என்னுடைய அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

ரெங்கதேவன் தொடங்கினான்:
"அம்மாவோட சேமலாப நிதி முழுக்க,
மூணு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
கவர்ல போட்டுக் குடுத்தேன்.
கவருக்கு இருபது ரூபா தனியா வாங்கினாங்க."
யாரோ சிரித்தார்கள். அவனில்லை.

யோகமலருக்குக் காசு வேண்டாம்.
"புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப
டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்காதே,
விசுவாசம் கசிஞ்சிரும்னாரே,
அதை நீதவான் முன்னால
அவர் வாயால இன்னொருக்கா சொல்லணும்.
அவ்வளவுதான்."

"அதை மட்டும் கேட்க ஏலாதும்மா.
நட்டஈடுன்னு ஒரு தொகை போடணும்.
எவ்வளவு போடலாம்?"

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செபமாலை எழுந்து நின்றே பேசினான்:
"தோட்டத்து ஆளுங்க ஏமாந்த கதைன்னு
பேப்பர்காரன் எழுதுவான், ஊரு சிரிக்கும்.
சந்தா புடிச்சவனையெல்லாம் இழுக்கிறதுன்னா
இந்த மலைக்கு எத்தனை கோடு கட்டுறது?"
பிறகு உட்கார்ந்து, குரல் இறங்கி:
"தங்கச்சி இன்னும் உள்ளதான் இருக்கா.
நான் கையெழுத்துப் போட்டா
அவளுக்கு அன்னைக்கே நான் செத்தவன்."

எங்கோ தொழிற்சாலைச் சங்கு ஊதியது. நாலு மணி.
பேச்சு தானாய் நின்றது.
மேசைக்கடியில்
ஒன்பது பேரின் முழங்கால்களும்
ஓர் அங்குலம் முன்னே நகர்ந்தன.
கிளாக் மட்டும்
காலாவதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்,
வெளியேறிய தேதியிலிருந்தா,
ஏமாந்தது தெரிந்த தேதியிலிருந்தா என்று.
தெரிந்த தேதி. அப்படி ஒன்று இருந்ததா?

"வேதக்காரங்கன்னா சத்தியம் பண்ணலாம்,
இந்துன்னா உறுதியுரை.
நீங்க எல்லாம் எது?"

பேனா காத்திருந்தது.
சத்தியம் எங்களிடம் தீர்ந்துபோயிருந்தது,
மாதக் கடைசியில் மாப்பேணி போல.
"அந்த எடத்தை எழுதாம விடுங்க" என்றாள் யோகமலர்.
"விட ஏலாதும்மா."

என் மடியில் சீலைப்பை,
பைக்குள் ரசீதுப் புத்தகம்.
ஓடிவந்த இரவில் உடுப்பைக்கூட எடுக்காமல்
இதை ஏன் எடுத்தேன் என்று தெரியாது.
சாட்சிக்கா,
இல்லை, அதில் என் கையெழுத்து
அத்தனை அழகாயிருந்ததாலா?
இது இல்லாமல் வழக்கு இல்லை.
இது இருந்தால் வழக்கில் நானும் உண்டு.

மாலுபாண் தட்டை நகர்த்திவிட்டு வைத்தேன்.

ரெங்கதேவன் எச்சில் தொட்டுப் புரட்டினான்.
நீலக் கார்பன் அவன் பெருவிரலில் ஏறியது.
ஒரு தாளில் நின்றான்.
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
அம்மாவின் பேர்.
அடுத்த கட்டத்தில்: மனமுவந்து.

கிளாக் எட்டிப் பார்த்தார்.
"நல்ல ஆவணம்" என்றவர்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி,
"எந்தப் பக்கத்துக்குன்னுதான்..." என்று இழுத்தார்.

"மனமுவந்துன்னு எழுதினது யாரு?"

கீழே யாரோ ஒரு றாத்தல் பாண் கேட்டு,
கிடைத்து, சில்லறை எண்ணும் வரை
நான் பேசவில்லை.
பிறகு, "நான்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன்.
கவிழ்ந்து கிடந்த என் அட்டையைத்
திருப்பிப் போட்டான்.
நீலம் படிந்த விரலை வைத்து
எழுத்து எழுத்தாய்க் கூட்டி
என் பேரை வாசிக்கத் தொடங்கினான்.