பணிக்கு உகந்தது

குமாரசாமிப்பட்டி ஆயுத அறையில்
தொண்ணூற்று நாலாம் எண் ரைஃபிள்
இன்று காலையும் என் கைக்கு வந்தது.
இஷாப்பூரில் பிறந்தது, வருஷம் 1949.
அப்போது என் அப்பாவுக்கு இரண்டு வயது.
அவர் வேலைக்குப் போய், ரிட்டயர் ஆகி,
சர்க்கரையில் ஒரு கால்விரலை விட்டுக்கொடுத்து
போய்ச் சேர்ந்தும் விட்டார்.
இது இன்னும் பென்ஷன் கேட்கவில்லை.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய்.
போல்ட்டுக்கு ஒரு சொட்டு, போதும்.
குழலுக்குள் கயிறு விட்டு வெள்ளைத் துணியை இழுத்தால்
முதலில் சாம்பல், பிறகு டீ நிறம்,
மூன்றாவதில் வெள்ளை.
சுத்தம் என்பது அவ்வளவுதான்.
ஜன்னல் பக்கம் திருப்பி உள்ளே பார்க்கிறேன்:
தோட்டாவைச் சுழற்றி அனுப்ப வேண்டிய வரிகள்
ஆட்டுக்கல் குழி மாதிரி
வழவழவென்று கிடக்கின்றன.

அளந்து பார்க்க ஓர் இரும்புக் குச்சி உண்டு.
இறங்கக் கூடாத ஆழத்துக்கு
அது சுகமாக இறங்குகிறது.
பதினோரு வருஷமாக இறங்குகிறது.
பதினோரு வருஷமாக நான் எழுதுகிறேன்:
பணிக்கு உகந்தது.

மாற்று வரவில்லை என்பது ஒரு காரணம்.
வரவில்லை என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

யார் தோளில் எல்லாம் தொங்கியது என்று
பதிவேடு சொல்லும்.
பொன்னுரங்கம், மூன்று தேர்தல்.
ஆரோக்கியதாஸ், கருவூலக் காவல்;
இதைக் கட்டிக்கொண்டு தூங்கியதற்கு
ஒருநாள் சம்பளம் போயிற்று.
ஃபைரோஸ்கான், மாறுதலில் ஆத்தூர்.
சடகோபன்,
பெயருக்கு நேரே சிவப்பு மையில்:
ஒரு ரவுண்டு செலவு.

செவ்வாய்ப்பேட்டையில் கல் பறந்த சாயங்காலம் அது.
முழங்காலுக்குக் கீழே என்று உத்தரவு.
அவன் முழங்காலுக்குக் கீழேதான் குறி பார்த்தான்.
நகரமலை அடிவாரத்து ரேஞ்சில்
வேறொரு ரைஃபிளில்
பத்துக்கு ஒன்பது போட்ட கண் அது.
தோட்டா போனது
மூடிக் கிடந்த வெல்ல மண்டியின் ஷட்டருக்கு,
மார்பு உயரத்தில்.
சத்தத்துக்கே கூட்டம் கலைந்தது.
காயம்: இல்லை.

அடுத்த வாரம் மஃப்டியில் போனேன்.
துளை வட்டமாக இல்லை.
பழைய பூட்டின் சாவித்துவாரம் போல நீளமாக இருந்தது.
விலாப்பக்கமாகப் புரண்டு போயிருக்கிறது.
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்,
பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது.
"அன்னைக்கு உள்ள யாராவது இருந்தீங்களா?"
"நாலு பேரு சார். பயந்து
தரையில உக்காந்திருந்தோம்.
நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்."
அரைக் கிலோ வெல்லம் வாங்கிக்கொண்டேன்.
காசு வேண்டாம் என்றார்.
கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச்சில் கணக்கெடுப்பு.
பேனா பழகிய வழியில் போயிற்று.

போன தேர்தலுக்கு இது மலை ஏறியது,
மாரமங்கலத்துக்கு மேலே
பஸ் போகாத ஒரு பூத்துக்கு.
எடுத்துப் போனவன் இளவழுதி, புது ஆள்.
கையெழுத்துப் போடும்போது கேட்டான்:
"சார், இது சுடுமா?"
"சுடும்ப்பா. எங்கேன்னு கேக்காதே."
சிரித்தான். நானும் சிரித்திருக்க வேண்டும்.
மூன்று நாள் சேர்வராயன் பனியைக் குடித்து
போல்ட்டில் செம்புள்ளிகளோடு திரும்பியது.
ஸ்லிங் கொக்கியில் சிக்கியிருந்த
காய்ந்த காப்பிப்பூவை
பதிவேட்டில் ஏற்ற முடியாது.
ஊதிவிட்டேன்.

இன்று காலைத் தபாலில்
கழிவுப் பட்டியல் வந்தது.
உருக்கிவிடலாம் என்று அறுபது எண்கள்.
தொண்ணூற்று மூன்று இருக்கிறது,
தொண்ணூற்று ஐந்து இருக்கிறது.
அவற்றைப் பற்றி என் விடுப்பு நாட்களில்
வேறொருவர் உள்ளதை எழுதியிருக்கிறார்.
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே
இரண்டு தரம் படித்தேன்.
என்னுடையது இல்லை.
எப்படி இருக்கும்?
பதினோரு கையெழுத்து.

கட்டையைத் துடைத்தேன்.
ரேக்கில் அதன் பள்ளத்தில் நிறுத்தினேன்.
இரண்டு பக்கமும் காலியாகப் போகிற இடத்தைப் பார்க்காமல்
விசைக்கூட்டுக்குள் சங்கிலியைக் கோத்து
இழுத்துப் பூட்டினேன்.

பூட்டு புதுசு.
போன மாதம்தான் வந்தது.