மூடியில் 1794

சிவப்புச் சாயத்தில் ஆண்டு, இரண்டு துலிப் பூ.
சாரெமா தீவின் சீதனப் பெட்டி என்கிறான் ஊர்மாஸ்.
இருநூறு யூரோ.

கவிழ்க்கிறேன்.
அடிப்பலகையில் வில் வில்லாய் ரம்பத் தடம்.
அந்த ஆண்டில் இந்தத் தீவில்
வட்ட ரம்பம் ஏது?
ஆணிகள் கம்பி ஆணிகள்.
கீல் மட்டும் கொல்லன் அடித்தது,
வேறேதோ பெட்டி செத்ததும் கழற்றியது.

உள்ளே தலையை விட்டு மோந்தேன்:
ஆளி எண்ணெய், ஹெரிங் மீன்.
சரி, கடற்கரை வீடுதான்.

"நூறு வருஷம் கூட்டிவிட்டாய்."
"நானில்லை, லெய்லியின் தாத்தா.
அவருக்கு அந்த எண் பிடிக்கும்."

பூட்டுத் துளையைச் சுற்றிக் கத்திக் கீறல்கள்,
எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து.
சாவியில்லாத ஓர் இடக்கை,
ஏதோ ஒரு ராத்திரி.
அதற்கு ஆண்டு எழுத
யாருக்கும் தோன்றவில்லை.

நூற்றைம்பது என்றேன்,
கட்டைவிரல் இன்னும் துளையின்மேல்.