ஓடரில் இல்லாத மீன்

கல்குடாக் கொட்டிலில் இன்றிரவு
நானூற்றுப் பன்னிரண்டு பைகள்.
ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஒட்சிசன்,
கழுத்தை முறுக்கி இரட்டை றப்பர்வளையம்.
உள்ளே இரண்டு நாள் பட்டினி போட்ட மீன்கள்.
வழியில் தண்ணீரை அழுக்காக்கக் கூடாதாம்.
என் சுட்டுவிரல் நுனி
போன கிழமையே மரத்துப்போயிற்று.

றிஸ்மி பின்னேரம் காயான்கேணியிலிருந்து வந்தான்,
ஈர உடுப்போடு, ஒரு காதில் இரத்தம் கசிய.
வலையில் தவறி ஏறிய கிளிமீன் ஒன்று:
பச்சையில் நீலம் தடவி, உதட்டோரம் ரோசா,
பல் மட்டும் கொல்லன் பட்டறையில் செய்தது.
வரோதயன் ஐயா பட்டியலை இரண்டுதரம் தடவினார்.
"இத ஆரும் கேக்கல்ல.
விடியக் கறிக்குக் கொண்டுபோ, புள்ள."
மூலைத் தொட்டியில் விட்டேன்.
மண்ணில்லை, கல்லில்லை, வெறும் கண்ணாடி.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்புமுன்
போன் வெளிச்சத்தில் கிறுகிப் பார்க்கிறேன்:
வாயிலிருந்து என்னவோ வழிகிறது அதற்கு.
சீக்கு என்றுதான் நினைத்தேன்.
சளிபோல,
மறுகா கஞ்சித்தண்ணிபோல,
மறுகா ஒன்றுமே இல்லாததுபோல
தலையிலிருந்து வாலுக்கு இழுத்து மூடி,
முன்னுக்குத் தண்ணீர் வர ஒரு துவாரம் விட்டு
கண்ணைத் திறந்தபடி உறங்கிற்று.

றப்பர் இல்லை. சிலிண்டர் இல்லை.
உள்ளேயிருந்து கட்டிய பை.

எட்டு வருசமாய் நானும் கட்டுகிறேன்,
பைக்கு நாலு ரூபாய்.
லொறிக்காரன் ஹோன் அடிக்க அடிக்க
மிச்சம் நூற்றெட்டையும் முடித்தேன்,
முடிச்சுக்கு ஒருதரம் அந்த மூலையைப் பார்த்து,
சோதனையில் பக்கத்துத் தாளைப் பார்க்கும் பிள்ளைமாதிரி.

விடிய, உறை கிழிந்து மிதந்தது.
மீன் கண்ணாடியைக் கொறித்துக்கொண்டிருந்தது.
பட்டினி போட ஆளில்லாமல் வந்ததல்லவா,
தொட்டியின் அடியில் வெள்ளையாய் ஒரு சிட்டிகை,
தின்ற முருகைக்கல் முழுக்க மணலாய்.
பாசிக்குடாவில் வெள்ளைக்காரர்
முதுகு சிவக்கப் படுத்துக்கிடப்பது
இதுகளின் பீயில்தான் என்று
றிஸ்மி முந்தியே சொன்னவன்.
பகிடி என்று சிரித்திருந்தேன்.

வாளியோடு வீட்டுக்கு
ரோட்டாலும் போகலாம், கடற்கரையாலும் போகலாம்.
கடற்கரையால் போனேன்.
சட்டை இடுப்புவரை நனைந்தது.
வாளி சட்டென்று பாரம் குறைந்தது.

அன்று பருப்பு.
"மீன் கொண்டாறன் எண்டாய்?" என்றார் இவர்.
"ஓடரில இல்லை," என்றேன்.