இரண்டு நொடி

முதலில் அந்த வாளை விற்காதே.
துருப்பிடித்ததுதான். எல்லோருக்கும் அதைத்தான் தருவார்கள்.
கொல்லனிடம் கொண்டுபோனால் நாலு காசு நீட்டுவான்,
அப்புறம் வெறுங்கையால் ஓநாயைக் குத்திக்கொண்டிருப்பாய்,
நான் குத்தினேனே, மூன்று நாள்.

தலைக்குமேல் மஞ்சள் குறி எரிகிறதே,
அந்த மீன்காரியிடம் போய்ப் பேசு.
அவள் சொல்வதைப் படிக்காமல் தாண்டிவிடாதே,
தொலைந்த வலை எந்தக் கரையில் என்பதை
ஒரே தடவைதான் சொல்வாள்.
குறி சாம்பல் நிறமென்றால் உனக்கு லெவல் போதவில்லை.
கோபப்படாதே,
கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவு அம்மாள்
எனக்கு நாலு வருஷம் சாம்பலாகவே இருந்தாள்.

வெள்ளைக்குதிரை09 என்று பெயர் வைத்திருக்கிறாய்.
யாரென்று நான் கேட்கவில்லை.
மைக்கில் உன் மூச்சு கேட்கிறது,
நடுநடுவே தும்மல், எப்போதும் மூன்றாக.
நான் இங்கே இரும்புக்கொக்கு, அறுபத்தோராம் லெவல்.
பகலில் கோத்தகிரி டானிங்டனில் ஜெராக்ஸ் கடை,
சிட்டா நகல், சாதிச் சான்று, பக்கம் இரண்டு ரூபாய்.
ராத்திரி கம்பளிக்குள் கட்டைவிரலும் நானும்.

ஸ்கில் புள்ளிகளை எல்லாவற்றின் மேலும் தூவாதே.
நெருப்போ கேடயமோ, ஒன்றை எடு,
எடுத்தபின் மற்றதை நினைத்து ஏங்காதே.
ஹீலருக்கு முன்னால் போய் நிற்பது வீரமில்லை,
அவருக்கு வேலை வைப்பது.
பச்சைக் குப்பியைக் கடைசிச் சொட்டு உயிருக்கென்று
சேர்த்துச் சேர்த்துவைத்து
பை நிறையக் குப்பிகளோடு சாகிறார்கள்.
பாதியிலேயே குடித்துவிடு.

கரடி கையை ஓங்கும்போது தரையில் சிவப்பு வட்டம் விழும்.
வட்டம் நிறைவதற்குள் பக்கவாட்டில் உருளு.
பின்னால் ஓடாதே, அது உன்னைவிட வேகம்.

உருண்டாய். பாறையில் முட்டினாய். செத்தாய்.
பரவாயில்லை, கல்லறையிலிருந்து ஓடி வா,
உன் உடம்பு அங்கேயேதான் கிடக்கிறது.

இரண்டாம் தடவை கேடயம் சரியாக உயர்ந்தது.
கரடிக்குப் பாதி உயிர்தான் மிச்சம்.
அப்போது போய் அப்படியே நின்றுவிட்டாய்.
உருளு என்றேன். உருளு, உருளு.
கரடி அவசரமில்லாமல் உன்னை அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்"
முதன்முதலாக உன் குரல். தணிந்த பெண் குரல்.
"வெளியே கரடி."

சிரித்துவிட்டேன்.
பதில் தட்டி முடிப்பதற்குள்
காதுக்குள் தகரம் அடிக்கும் சத்தம், படபடவென்று.
ஒன்று.
இரண்டு.
அதே சத்தம் என் ஜன்னல் கண்ணாடியில்,
கேரட் பாத்திகளையும் தேயிலைச் சரிவையும் தாண்டி
பனியில் நனைந்து வந்து மோதியது.

ஹெட்செட்டைக் கழற்றினேன், ஒரு தகரம்.
மாட்டினேன், இரண்டு.

அறுபத்தோரு லெவலில் இதற்கு ஒரு ஸ்கில்லும் இல்லை.
கதவைச் சாத்து, லைட்டைப் போடு,
எண்ணெய் டின் வெளியே கிடந்தால் போகட்டும் விடு.
இது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும், கரடிக்கும் சேர்த்து.
வெந்நீர்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு
ஜன்னலைத் திறந்தேன்.
உறைபனி மூக்கில் ஏறியது.
கரண்டி வளைகிற மட்டும் அடித்தேன்.

உன் பக்கம் தகரம் சட்டென்று நின்றது.
நான் அடித்தது சரிவைக் கடந்து
உன் ஜன்னலுக்கு வந்து சேர
எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு இப்போது தெரியும்.

"யாரு அது?" என்றாய்.

மைக்கை மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தாய்.
போயிடுச்சு, நல்லெண்ணெய் டின்னோட போயிடுச்சு என்று எழுதினாய்,
அப்புறம், இதுக்கு எத்தனை பாயிண்ட் என்றும்.

உன் வீராங்கனை கல்லறையில் எழுந்து நிற்கிறாள்.
வாள் கையில்தான் இருக்கிறது, நான் சொன்னேனே.
அந்தக் கரடிக்கு இதற்குள் உயிர் முழுதாக ஏறியிருக்கும்.
பச்சைக் குப்பி எத்தனை பாக்கி? எண்ணிச் சொல்.

நாளையிலிருந்து கடையில்
யார் மூன்று தடவை தும்மினாலும்
மெஷினை நிறுத்திவிட்டுத்தான் நிமிர்வேன்.