பதிவாளர் அறைச் சொட்டு

வளாகத்தில் நட்ட நாற்பது புங்கனில்
தழைத்தது ஒன்றுதான்.
பதிவாளர் அறை ஏசிக் குழாய்
அதன் காலடியில் சொட்டியது, கோடை முழுக்க.

பசுமைக் குழுவின் முதல் தீர்மானம்:
பகலில் ஏசி கூடாது.
கையெழுத்திட்ட பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி.

மூன்றாம் நாள் இலை சுருண்டது.

சேர்வராயன் மேல் நிற்கிற மேகம்
ஏற்காட்டிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது.
கருப்பூருக்கு இறங்குவது
வெள்ளைக்கல் தூசி மட்டும்.

விடுதிச் சமையலறையில்
அரிசி களைந்த நீரை
வாளியில் வாங்கி நடக்கிறேன்.
மாஸ்டர் குழந்தைவேலு கேட்கிறார்:
"எம்.எஸ்சி.க்கு இதுக்கும் மார்க் உண்டா?"

பாதி என் செருப்புக்கே போகிறது.

ஏழு வருடமாகச் சாத்திக் கிடந்த ஜன்னல்
இன்று திறந்திருக்கிறது.
கோப்பால் விசிறிக்கொண்டே பதிவாளர்:
"அந்தப் பக்கமும் கொஞ்சம் ஊத்தும்மா."